"பிபி நார்மல்தான் என்றார்களே?" குழந்தைகளுக்கு வரும் செப்டிக் ஷாக்கை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள், முதல் மணி நேரத்தில் என்ன செய்கிறார்கள்

காய்ச்சலுக்காகச் சேர்த்த குழந்தை, மருத்துவமனையில் இருக்கும்போதே செப்டிக் ஷாக் வந்து இறந்துபோனது என்று செய்தி வரும்போதெல்லாம் பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "காலையில்கூட பிபி நார்மல் என்றார்களே, சாயங்காலத்துக்குள் எப்படி இப்படி ஆனது?" நியாயமான கேள்வி. பதில், குழந்தையின் உடல் இயங்கும் விதத்திலேயே இருக்கிறது. ரத்த ஓட்டம் தடுமாறத் தொடங்கிய பிறகும் குழந்தைகளுக்கு ரத்த அழுத்தம் பல மணி நேரம் சரியாகவே காட்டலாம். அது விழும்போது ஷாக் முற்றியிருக்கும்.

இது ஏன் அப்படி, அழுத்தத்தை நம்பாமல் வேறு எதைப் பார்ப்பது, கண்டுபிடித்த பிறகு என்ன சிகிச்சை, அந்தச் சிகிச்சையில் ஏன் இவ்வளவு கருத்து வேறுபாடு என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

மூன்று சொற்கள், மூன்று நிலைகள்

செய்திகளில் இந்தச் சொற்கள் ஒன்றோடொன்று கலந்து வருவதால் முதலில் பிரித்துவிடுவோம்.

1. தொற்று: கிருமி உடலுக்குள் புகுந்து பெருகுவது. நிமோனியா, சிறுநீர்ப் பாதைத் தொற்று, மூளைக்காய்ச்சல் எல்லாம் இதில் அடங்கும். பெரும்பாலான குழந்தைகளுக்குக் கதை இதோடு முடிந்து, குணமாகிவிடுகிறது.

2. செப்சிஸ்: கிருமியை எதிர்க்க உடல் தொடங்கிய போர் கட்டுக்கடங்காமல் போய், சொந்த உறுப்புகளையே கெடுக்கத் தொடங்கும் நிலை.

3. செப்டிக் ஷாக்: செப்சிஸில் ரத்த ஓட்டமே தளர்ந்து, உறுப்புகளுக்கு வேண்டிய ஆக்ஸிஜன் போய்ச் சேராத நிலை. இங்கே ஷாக் என்பது அதிர்ச்சியும் இல்லை, மின்சாரம் தாக்குவதும் இல்லை. ரத்த ஓட்டம் உடலின் தேவைக்குப் பற்றாமல் போவதற்கு மருத்துவத்தில் உள்ள பெயர் அது.

"ரத்தத்தில் விஷம் கலந்துவிட்டது" என்று சொல்வது வழக்கம். அது பாதிதான் சரி. ரத்தத்தை எடுத்துக் கல்ச்சர் செய்தால் ஒரு கிருமியும் வளராத குழந்தைகளுக்கும் செப்சிஸ் இருக்கலாம். வைரஸாலும் வரலாம். ஆகவே "கல்ச்சரில் ஒன்றும் வரவில்லை" என்ற ஒரே காரணத்துக்காக ஆபத்து நீங்கிவிட்டதாக நினைக்க முடியாது.

இது அபூர்வமான நோயும் அல்ல. 2017-ஆம் ஆண்டுக்கான உலகளாவிய கணக்கெடுப்பு ஒன்றின்படி, அந்த ஒரு வருடத்தில் சுமார் 4.9 கோடிப் பேருக்கு செப்சிஸ் வந்தது. அதில் ஏறக்குறைய 2 கோடிப் பேர் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். அவர்களில் இறந்தவர்கள் சுமார் 29 லட்சம்.

ரத்த அழுத்தம் ஏன் கடைசியில் விழுகிறது

செப்சிஸில் ஒரே நேரத்தில் மூன்று கோளாறுகள் நடக்கின்றன. ரத்தக் குழாய்களின் சுவர் கசிந்து, உள்ளே இருக்கும் திரவம் வெளியே இறங்குகிறது. குழாய்கள் தளர்ந்து விரிகின்றன, அல்லது அளவுக்கு மீறி இறுகுகின்றன. இதயத் தசையும் பலவீனமாகிறது. இருக்கும் ரத்தமோ கொஞ்சம்தான். குழந்தையின் உடலில் கிலோவுக்குச் சுமார் 80 மில்லி ரத்தம் என்று கணக்கு. 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு மொத்தமே 800 மில்லி.

ஒரு நிமிடத்தில் இதயம் வெளியேற்றும் ரத்தத்தின் அளவு இரண்டைப் பொறுத்தது: எத்தனை முறை துடிக்கிறது, ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு தள்ளுகிறது. பெரியவர்களின் இதயத்தால் இரண்டையும் ஓரளவு கூட்ட முடியும். சிறு குழந்தையின் இதயத்தால் ஒரு துடிப்பில் தள்ளும் அளவை அதிகம் கூட்ட முடியாது. அதனால் அது வேகமாகத் துடிக்கிறது. கூடவே தோல், குடல், சிறுநீரகம் ஆகியவற்றுக்குப் போகும் குழாய்களைச் சுருக்கி, மிச்சமிருக்கும் ரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் திருப்பிவிடுகிறது உடல்.

வருமானம் பாதியாகிவிட்ட வீட்டில் மற்ற எல்லாச் செலவையும் வெட்டிவிட்டு வாடகையை மட்டும் தேதி தவறாமல் கொடுத்துக்கொண்டிருப்பது போன்றது இது. வாடகை வாங்குபவருக்கு அந்த வீட்டில் ஒரு குறையும் தெரியாது. பிபி கருவி காட்டும் எண் அந்த வாடகை. கஷ்டத்தைப் பார்க்க வேண்டுமானால் வெட்டப்பட்ட செலவுகளைப் பார்க்க வேண்டும்: தோல், சிறுநீர், குழந்தையின் தெளிவு.

ஒரு கணக்கையும் தெரிந்துகொள்வது நல்லது. 1 முதல் 10 வயது வரை, மேல் அழுத்தத்தின் கீழ் எல்லை தோராயமாக 70-உடன் வயதின் இரு மடங்கைக் கூட்டினால் வருவது. 4 வயதுக் குழந்தைக்கு 78. அதற்குக் கீழே போனால்தான் குறைந்த அழுத்தம் என்று பெயர். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அந்த எல்லை 70, பச்சிளம் குழந்தைக்கு 60, பத்து வயதுக்கு மேல் 90. அதாவது 86 காட்டும் 4 வயதுக் குழந்தையின் சார்ட்டில் யாரும் சிவப்பு வட்டம் போட மாட்டார்கள். அதே குழந்தை அந்த நேரத்தில் ஷாக்கில் இருக்கலாம்.

ஈடுகொடுக்கும் சக்தி தீர்ந்ததும் அழுத்தம் படிப்படியாக இறங்குவதில்லை. சட்டென்று சரிகிறது. அங்கிருந்து இதயம் நின்றுபோகும் கட்டத்துக்கு அதிக தூரமில்லை.

படுக்கையருகே பார்க்க வேண்டியவை

1. இதயத் துடிப்பு. காய்ச்சல் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் துடிப்பு சுமார் 10 கூடும். ஆகவே காய்ச்சலில் வேகமாகத் துடிப்பது மட்டும் பெரிய செய்தி இல்லை. காய்ச்சல் இறங்கிய பிறகும், அழுகை நின்று தூங்கும்போதும் வேகம் குறையவில்லை என்றால், அதுதான் செய்தி.

2. அழுத்தி விட்டுப் பார்ப்பது. நெஞ்செலும்பின் மேலோ விரல் நுனியிலோ 5 விநாடி அழுத்தி விட்டால், வெளுத்த இடம் 2 விநாடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். 3 விநாடிக்கு மேல் போனால் எச்சரிக்கை. அறை மிகவும் குளிராக இருந்தால் இது ஏமாற்றும் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை.

3. கைகால் சூடு. உடம்பு கொதிக்க, பாதம் மட்டும் சில்லென்று இருப்பது, அந்தச் சில்லிப்பு கணுக்காலிலிருந்து முழங்காலை நோக்கி ஏறுவது, தோல் பளிங்குக் கல்லைப் போலத் திட்டுத் திட்டாகத் தெரிவது. சில குழந்தைகளுக்கு நேர்மாறாக இருக்கும்: கைகால் கதகதப்பாக, நாடி துள்ளித் துள்ளி அடிக்கும், அழுத்தி விட்ட இடம் உடனே சிவக்கும். குழாய்கள் விரிந்துபோன ஷாக் இது. பார்க்க ஆரோக்கியம் போலத் தெரிவதால் தவறவிடுவது சுலபம்.

4. மூச்சு. நுரையீரலில் சத்தம் எதுவும் இல்லாமலேயே வேகமாக மூச்சு வாங்குவது, ரத்தத்தில் சேரும் அமிலத்தை வெளியேற்ற உடல் படும் பாடாக இருக்கலாம். மூச்சு விடும்போது முனகல் சத்தம் வந்தால் உடனே மருத்துவர் பார்க்க வேண்டும்.

5. சிறுநீர். கைக்குழந்தைக்கு ஒரு மணி நேரத்தில் கிலோவுக்கு 1 மில்லியாவது போக வேண்டும். வார்டில் டயப்பரை எடைபோடுவது இதற்காகத்தான்.

6. தெளிவு. இதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். முதலில் காரணமில்லாத சிணுங்கல், சமாதானப்படுத்த முடியாத அழுகை. அப்புறம் துவண்டு கிடப்பது, அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் எங்கோ வெறிப்பது. ஊசி போடும்போதுகூடக் கையை இழுக்காமல் கிடந்தால், சமத்தாக இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. மூளைக்கே ரத்தம் குறையத் தொடங்கியிருக்கலாம்.

பச்சிளம் குழந்தைகளிடம் அடையாளங்கள் இன்னும் மங்கலானவை. காய்ச்சலுக்குப் பதிலாக உடல் குளிர்ந்துபோவது, பால் குடிக்க மறுப்பது, இடையிடையே மூச்சு நின்றுபோவது என்று வரலாம். எந்த வயதிலும், அழுத்தினால் மறையாத ஊதா நிறப் புள்ளிகள் தோலில் தோன்றினால் அதற்கு மேல் காத்திருக்க எதுவும் இல்லை.

ஏற்கெனவே மருத்துவமனையில் இருக்கும் குழந்தைகளில் சிலருக்கு ஆபத்து கூடுதல். புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுத்து வெள்ளையணுக்கள் குறைந்தவர்களுக்குச் சீழ் பிடிக்கக்கூட அணுக்கள் இருக்காது. காய்ச்சல் ஒன்றே அடையாளமாக இருக்கும். கழுத்திலோ நெஞ்சிலோ பெரிய ரத்தக் குழாயில் குழாய் பொருத்தப்பட்ட குழந்தைக்கு, அதன் வழியே மருந்து செலுத்திய சிறிது நேரத்தில் குளிர் நடுக்கம் வந்தால் அந்தக் குழாயையே சந்தேகிக்க வேண்டும். வயிற்றில் அறுவை சிகிச்சை ஆனவர்கள், நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுப்பவர்கள், மண்ணீரல் இல்லாதவர்கள் ஆகியோரும் இந்தப் பட்டியலில் வருவார்கள்.

மேலே சொன்ன எதுவும் தனியாக நின்று தீர்ப்புச் சொல்லாது. ஒரு முறை எடுத்த எண்ணைவிட, ஆறு மணி நேரத்தில் அந்த எண்கள் போன திசைதான் முக்கியம். இதற்காகவே பல மருத்துவமனைகளில் துடிப்பு, மூச்சு, தெளிவு போன்றவற்றுக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டும் முன்னெச்சரிக்கை அட்டைகள் இருக்கின்றன. அவை உதவும். ஆனால் 7 நாடுகளில் 21 மருத்துவமனைகளில் நடந்து 2018-ல் வெளியான பெரிய ஆய்வில், அப்படி ஓர் அட்டையைக் கொண்டுவந்ததால் மட்டும் இறப்பு குறையவில்லை. அட்டையில் எண் ஏறியபோது யார் எவ்வளவு சீக்கிரம் வந்து குழந்தையைத் தொட்டுப் பார்த்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

2024-ல் மாறிய வரையறை

2005 முதல், தொற்றோடு காய்ச்சல், வேகமான துடிப்பு, வேகமான மூச்சு, வெள்ளையணு மாற்றம் போன்றவை சேர்ந்திருந்தால் செப்சிஸ் என்று சொல்லி வந்தார்கள். சாதாரண சளிக்காய்ச்சலில் வரும் குழந்தைக்குக்கூட அது பொருந்திவிடும். 2024 ஜனவரியில் வந்த ஃபீனிக்ஸ் அளவுகோல் அதைக் கைவிட்டது. நுரையீரல், ரத்த ஓட்டம், ரத்தம் உறைதல், மூளை என்ற நான்குக்கும் மதிப்பெண்; எவ்வளவு கெட்டிருக்கிறதோ அவ்வளவு அதிகம். தொற்றுச் சந்தேகத்தோடு மொத்தம் 2 அல்லது அதற்கு மேல் வந்தால் செப்சிஸ். அதில் ரத்த ஓட்டத்துக்கு ஒரு மதிப்பெண்ணாவது இருந்தால் செப்டிக் ஷாக். ஐந்து நாடுகளின் மருத்துவமனைப் பதிவுகளை வைத்து இதை உருவாக்கினார்கள். அந்தப் பதிவுகளில் செப்டிக் ஷாக் வந்த குழந்தைகளில் இறந்தவர்கள், வசதி மிகுந்த இடங்களில் 10.8 சதவீதம், வசதி குறைந்த இடங்களில் 33.5 சதவீதம்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். உறுப்பு கெட்டுவிட்டதா என்று சொல்லும் அளவுகோல் இது. கெடப்போகிறதா என்று முன்கூட்டிச் சொல்வது இதன் வேலை இல்லை. "இன்னும் 2 மதிப்பெண் வரவில்லை" என்று சிகிச்சையைத் தள்ளிப்போட இதைப் பயன்படுத்தினால், அளவுகோலைத் தலைகீழாகப் பிடிப்பதாகும்.

முதல் ஒரு மணி நேரம்

ஷாக் என்று சந்தேகம் வந்த நிமிடத்திலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. பல வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கும். வரிசை புரிவதற்காக மட்டும் எண் போடுகிறேன்.

1. உதவிக்கு ஆள் அழைத்து, ஆக்ஸிஜன் கொடுத்து, மானிட்டரில் இணைப்பது.

2. நரம்பில் ஊசி ஏற்றுவது. ஷாக்கில் நரம்பு சுருங்கிக் கிடைக்காமல் போவது வழக்கம். ஓரிரு முயற்சியில் கிடைக்காவிட்டால் முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பின் மஜ்ஜையில் ஊசி ஏற்றுவார்கள். பார்க்கும் பெற்றோருக்கு நெஞ்சு பதறும். ஆனால் அந்த வழியே போகும் மருந்து நரம்பில் போவதைப் போலவே வேகமாக இதயத்துக்குப் போய்ச் சேரும்.

3. ரத்தம் எடுப்பது: கல்ச்சர், லாக்டேட், சர்க்கரை. ஆக்ஸிஜன் பற்றாத திசுக்களில் லாக்டேட் ஏறும். சிகிச்சை எடுபடுகிறதா என்பதை அது இறங்குவதில் பார்க்கலாம். நோயுற்ற சிறு குழந்தைக்குச் சர்க்கரை வேகமாகக் குறையும், அதை அங்கேயே விரல் நுனியில் பார்த்துச் சரிசெய்துவிடலாம்.

4. ஆன்டிபயாடிக். ஷாக் இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் என்பது 2020-ன் சர்வதேச வழிகாட்டுதல். ஷாக் இல்லாமல் செப்சிஸ் சந்தேகம் மட்டும் இருந்தால், சோதனைகளைப் பார்த்து முடிவெடுக்க மூன்று மணி நேரம் வரை இடம் கொடுக்கிறது. கல்ச்சருக்கு முதலில் ரத்தம் எடுப்பது நல்லது, ஆனால் அதற்காக மருந்தைத் தாமதிக்கக் கூடாது. மருத்துவமனையிலேயே தொற்றிய கிருமி சாதாரண மருந்துகளுக்கு அடங்காமல் போகலாம் என்பதால் அங்கே தேர்வு வேறு மாதிரி இருக்கும்.

5. திரவம் ஏற்றுவது. இதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

6. தொற்றின் மூலத்தைத் தேடுவது. சீழ்க்கட்டி இருந்தால் வடிக்க வேண்டும், தொற்றிய குழாயை எடுக்க வேண்டும். மூலம் உள்ளேயே இருக்கும்போது மருந்து மட்டும் போராடி ஜெயிப்பது கடினம்.

நேரம் இவ்வளவு முக்கியமா? நியூயார்க் மாநிலத்தில் 2012-ல் ஒரு 12 வயதுச் சிறுவன் செப்சிஸ் கண்டறியப்படாமல் இறந்த பிறகு, மருத்துவமனைகள் எல்லாம் செப்சிஸ் நடைமுறை வைத்திருக்க வேண்டும் என்று 2013-ல் விதி வந்தது. அதன் பிறகு 54 மருத்துவமனைகளில் 1,179 குழந்தைகளின் பதிவுகளைப் பார்த்தார்கள். கல்ச்சர், ஆன்டிபயாடிக், திரவம் என மூன்றும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்த குழந்தைகளிடம் இறப்பு குறைவாக இருந்தது.

திரவம்: எவ்வளவு, எவ்வளவு வேகத்தில்

கசிந்த குழாய்களை நிரப்பத் திரவம் வேண்டும் என்பது எளிய தர்க்கம். பல ஆண்டுகள் உலகம் முழுக்க அதையே செய்தார்கள். அதை உலுக்கியது 2011-ல் வெளியான ஃபீஸ்ட் ஆய்வு. உகாண்டா, கென்யா, தான்சானியாவில், கடும் காய்ச்சலோடும் ரத்த ஓட்டக் குறைவோடும் வந்த 3,141 குழந்தைகளில் ஒரு பகுதிக்கு வேகமாகத் திரவம் ஏற்றினார்கள், ஒரு பகுதிக்கு வழக்கமான வேகத்தில் மட்டும். 48 மணி நேரத்தில் இறந்தவர்கள், வேகமாக ஏற்றிய குழுக்களில் சுமார் 10.5 சதவீதம், ஏற்றாத குழுவில் 7.3 சதவீதம். உதவும் என்று நம்பிச் செய்ததால் கூடுதலாகக் குழந்தைகள் இறந்தார்கள்.

இதை வைத்து "செப்டிக் ஷாக்கில் டிரிப்ஸ் கூடாது" என்று சொல்வது தவறு. அந்தக் குழந்தைகளில் பாதிக்கு மேல் மலேரியா இருந்தது, பலருக்குக் கடுமையான ரத்தசோகை இருந்தது. மூச்சு திணறினால் வென்டிலேட்டர் வைக்க அங்கே வசதி இல்லை. ஆனால் "அது அவர்களுக்கு, நமக்கு இல்லை" என்று ஒதுக்குவதும் தவறுதான். திரவமும் ஒரு மருந்து, அதற்கும் அளவும் பக்கவிளைவும் உண்டு என்பதை அந்த ஆய்வுக்குப் பிறகு யாராலும் மறுக்க முடியவில்லை.

2020 வழிகாட்டுதல் அதனால்தான் இடத்தைப் பொறுத்துப் பிரிகிறது. தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கும் இடத்தில், ஒரு தடவைக்குக் கிலோவுக்கு 10 முதல் 20 மில்லி என்று, முதல் மணி நேரத்தில் மொத்தம் கிலோவுக்கு 40 முதல் 60 மில்லி வரை போகலாம். அந்த வசதி இல்லாத இடத்தில் அழுத்தம் விழுந்திருந்தால் மட்டும் கிலோவுக்கு 40 மில்லி வரை. விழாதிருந்தால் வேகமாக ஏற்றவே வேண்டாம், வழக்கமான வேகம் போதும்.

எண்களைவிட முக்கியமானது, ஒவ்வொரு தடவைக்குப் பிறகும் நின்று பார்ப்பது. துடிப்பு குறைகிறதா, கைகால் சூடாகிறதா, தெளிவு வருகிறதா என்றால் இன்னும் கொடுக்கலாம். கல்லீரல் வீங்கி விலா எலும்புக்குக் கீழே கைக்குத் தட்டுப்பட ஆரம்பித்தால், நுரையீரலில் நீர்ச்சத்தம் கேட்டால், ஆக்ஸிஜன் இறங்கினால் நிறுத்த வேண்டும். இதயம் அதற்கு மேல் தாங்கவில்லை என்று பொருள்.

எந்தத் திரவம் என்பதிலும் ஒரு குழப்பம் உண்டு. "குளுக்கோஸ் ஏற்றினால் தெம்பு வரும்" என்ற நம்பிக்கை ஷாக்குக்குப் பொருந்தாது. குளுக்கோஸ் நீர் ரத்தக் குழாயில் தங்காமல் வெளியே பரவிவிடும். ரிங்கர் லாக்டேட் போன்ற சமநிலைத் திரவங்களுக்கே 2020 வழிகாட்டுதல் முன்னுரிமை தருகிறது. சாதாரண சலைனை அதிகம் ஏற்றினால் அதிலுள்ள குளோரைடு ரத்தத்தில் அமிலத்தன்மையைக் கூட்டும்.

திரவம் போதாதபோது

திரவம் ஏற்றியும் ஷாக் தீரவில்லை என்றால், இதயத்தை முடுக்கி, தளர்ந்த குழாய்களை இறுக்கும் மருந்துகளான அட்ரினலின் அல்லது நார்அட்ரினலின். முன்பு டோபமின் முதலிடத்தில் இருந்தது. பிரேசிலில் 120 குழந்தைகளிடம் நடந்து 2015-ல் வெளியான ஆய்வில், டோபமின் பெற்றவர்களில் சுமார் 21 சதவீதமும் அட்ரினலின் பெற்றவர்களில் 7 சதவீதமும் இறந்தனர். சிறிய ஆய்வுதான் என்றாலும், பழக்கத்தை மாற்றியதில் அதற்குப் பங்கு உண்டு.

இங்கே அடிக்கடி நேரம் வீணாவது, கழுத்தில் பெரிய குழாய் போட்ட பிறகுதான் இந்த மருந்தைத் தொடங்க வேண்டும் என்று காத்திருப்பதில். கையிலுள்ள சாதாரண நரம்பு வழியாகவே நீர்த்த அளவில் தொடங்கலாம். ஊசி போட்ட இடம் வீங்குகிறதா என்று அடிக்கடி பார்த்துக்கொண்டால் போதும்.

மூச்சுக்கு உழைத்து உழைத்துக் களைத்த குழந்தைக்கு வென்டிலேட்டர் வைக்க நேரலாம். குழாய் செருகும் அந்தச் சில நிமிடங்கள் ஆபத்தானவை, மயக்க மருந்தே அழுத்தத்தைச் சரித்துவிடும். அதனால் பலர் கீட்டமைன் என்ற மயக்க மருந்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள், அதற்கு முன்பே அட்ரினலினைத் தயாராக வைத்திருப்பார்கள். ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு எல்லோருக்கும் தேவையில்லை. திரவத்துக்கும் மருந்துக்கும் அடங்காதவர்களுக்குப் பரிசீலிக்கலாம். நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கு அவசியம்.

பெற்றோரின் வார்த்தைக்கு என்ன இடம்

குழந்தையின் இயல்பு எது என்று அந்த வார்டில் முழுதாகத் தெரிந்தவர் அதன் அம்மாவோ அப்பாவோதான். ஷிஃப்ட் மாறினால் நர்ஸ் மாறுவார், மருத்துவர் மாறுவார்; கூட இருப்பவர் மாறுவதில்லை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 2013 முதல் 'ரையன் விதி' இருக்கிறது. குழந்தையின் நிலை மோசமாகிறது என்று குடும்பத்தார் கருதி, சொல்லியும் யாரும் கவனிக்கவில்லை என்றால், வேறொரு மருத்துவர் வந்து பார்க்க வேண்டும் என்று கோரலாம். இங்கிலாந்தில் 2021-ல் 13 வயதுச் சிறுமி ஒருத்தி மருத்துவமனையிலேயே செப்சிஸால் இறந்தாள். பெற்றோர் எழுப்பிய கவலை உரிய நேரத்தில் கேட்கப்படவில்லை. அங்கே 2024 முதல் நடைமுறைக்கு வரத் தொடங்கிய 'மார்த்தா விதி' அதே உரிமையைத் தருகிறது.

அப்படி விதி இல்லாத இடத்திலும் சொல்லும் விதத்தால் வித்தியாசம் வரும். "என்னவோ போல இருக்கிறான்" என்பதைவிட, "நேற்று ராத்திரி நாலு டயப்பர் நனைந்தது, இன்று விடிந்ததிலிருந்து ஒன்றுகூட நனையவில்லை" என்பதை வைத்து மருத்துவரால் உடனே செயல்பட முடியும். "பிபி நார்மல்" என்று பதில் வந்தால் அடுத்ததாக மூன்றைக் கேட்கலாம்: இதயத் துடிப்பு காலையில் எவ்வளவு, இப்போது எவ்வளவு? அழுத்தி விட்டால் நிறம் திரும்ப எத்தனை விநாடி? கடைசியாகச் சிறுநீர் போனது எப்போது? இந்த மூன்றுக்கும் பதில் தேடுபவர் குழந்தையின் பக்கத்தில் வந்து, சார்ட்டைப் புரட்டி, பாதத்தைத் தொட்டுப் பார்த்தாக வேண்டும்.